கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அலமாரியை ஒட்டி ஒரு ஜன்னல்

கேள்வி: திருச்சியில் முதல் மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். ஜன்னல்கள்தான் தலைவலி. பெரிய அறையின் மேற்குச் சுவரில் 4 அடி அகல ஜன்னல். வடக்குச் சுவர் முழுக்க அடித்திருக்கும் வார்ட்ரோபுக்கும் அதற்கும் நடுவே மூன்று அங்குலம்தான் இடைவெளி. ஜன்னலுக்கு மேலே ஏசி. தெற்குச் சுவரில் இன்னொரு ஜன்னல், 3 அடி அகலம். கட்டிலின் தலைமாடு அதன் கீழேதான் வருகிறது. கிழக்குச் சுவரில் இரண்டு கதவுகள். வடக்கே தலை வைக்கவே கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். அந்த ஜன்னலும் கட்டிலுக்கு நடுவில் இல்லாமல் முக்கால் அடி வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. இரவெல்லாம் தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறது. இந்த அறையில் நாங்கள் இருவரும் 3 வயது மகளும் தூங்குகிறோம். சின்ன அறை ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு. அங்கே மூலையின் இரு பக்கமும் இரண்டு ஜன்னல்கள். வடக்கே இருப்பது பெரியது, நேர் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சமையலறை. கிழக்கே இருப்பது உயரத்தில் உள்ள குட்டி ஜன்னல். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சீப்ரா பிளைண்ட் போட்டுவிடலாம் என்கிறார். கணவர், ஸ்கிரீன் துணியே போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களையும் கையால் வரைந்த அளவுக் குறிப்பையும் பார்த்தேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி. நான்கு ஜன்னலுக்கும் ஒரே பதில் வேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கல். உங்கள் மேற்கு ஜன்னலுக்கு வெயில் பிரச்சினை, தெற்கு ஜன்னலுக்குத் தெருவிளக்கு, வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்து வீட்டார் பார்வை. குட்டி ஜன்னலுக்கு, என்னைக் கேட்டால், ஒரு பிரச்சினையும் இல்லை. எது எதைத் தடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் துணியா பிளைண்டா என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

இன்னொன்று. ஜன்னலின் அகலம் உயரத்தை மட்டும் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். கடையிலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். எனக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்டது ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரின் அளவு. இரு பக்கமும் எத்தனை அங்குலம் காலி, மேலே எவ்வளவு, பக்கத்தில் என்ன திறக்கிறது, என்ன மூடுகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். நல்லவேளை, படங்களில் பெரும்பாலும் தெரிந்தது.

மேற்கு ஜன்னலில் இருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் மூன்றாவது படத்தில் வார்ட்ரோபின் கடைசிக் கதவு பாதி திறந்திருக்கிறது. அதன் கீல் மேற்குச் சுவர்ப் பக்கம் இருக்கிறது. அந்தக் கதவை முழுசாகத் திறந்தால் அது எங்கே போய் நிற்கும்? மேற்குச் சுவரோடு ஒட்டி, ஜன்னலின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது அந்த ஜன்னலுக்கு ராடு அடித்து ஸ்கிரீன் தொங்கவிட்டால், துணி சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் முன்னால் வரும். கதவு முக்கால்வாசிதான் திறக்கும், தினமும் துணியில் போய் இடிக்கும். பட்டுப்புடவை எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு கையால் ஸ்கிரீனை ஒதுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆறே மாதத்தில் அந்த ஓரம் மட்டும் அழுக்கேறி நைந்துபோகும். இதை யாரும் அளவு எடுக்கும்போது கவனிப்பதில்லை. வார்ட்ரோப் எப்போதும் மூடியே இருக்கும் என்ற நினைப்பில் அளக்கிறார்கள்.

அதனால் இங்கே கடைக்காரர் பக்கம்தான் நான். துணி வேண்டாம், பிளைண்ட்தான். ஆனால் சீப்ரா அல்ல, மேலே உருளையில் சுருட்டிக்கொள்ளும் சாதாரண ரோலர் பிளைண்ட். அதையும் சுவருக்கு வெளியே மாட்டாமல், ஜன்னல் உட்கார்ந்திருக்கும் சுவரின் கனத்துக்குள்ளேயே மாட்டுங்கள். 9 அங்குலச் சுவரில் ஜன்னல் வெளிப்பக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால் உள்ளே நான்கைந்து அங்குலம் மிஞ்சும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கொசுவலைச் சட்டத்திலிருந்து சுவரின் உள்விளிம்பு வரை 3 அங்குலம் இருந்தாலே போதும். பிளைண்ட் உள்ளே அடங்கிவிட்டால் வார்ட்ரோப் கதவும் தடையில்லாமல் திறக்கும், மேலே இருக்கும் ஏசிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஏசிக்குக் கீழே ராடு அடிக்க இடம் இருக்கிறதா, வயரில் டிரில் பட்டுவிடுமா என்ற கவலையும் போயிற்று.

அளக்கும்போது ஒரே ஒரு தடவை குறுக்கே டேப் பிடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நம் ஊர்ப் பூச்சு வேலையில் ஜன்னலின் மேல் அகலமும் கீழ் அகலமும் அரை அங்குலம் வித்தியாசப்படுவது சகஜம். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, எது குறைவோ அதைக் கொடுங்கள். உள்ளே மாட்டுவதற்கான அளவு என்பதையும் சொல்லிக் கொடுங்கள், கழிக்க வேண்டியதை அவர்களே கழித்துக்கொள்வார்கள். நீங்களும் கழித்து அவர்களும் கழித்தால் இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விழுந்து, மாலை வெயில் கத்தி வீசியதுபோலக் கோடாக உள்ளே வரும்.

சீப்ரா ஏன் வேண்டாம் என்கிறேன்? பட்டையும் வலையும் மாறி மாறி வரும் அந்தத் துணி ஹாலுக்கு அழகுதான். ஆனால் பட்டைகள் சரியாகப் பொருந்தினாலும் இடுக்குகளில் வெளிச்சம் கசியும். படுக்கையறைக்கு அது ஆகாது. இரட்டைத் துணி என்பதால் தூசியும் இரண்டு பங்கு. கழற்றித் துவைக்கவும் முடியாது.

ரோலரில் வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி கேளுங்கள். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். அறையைப் பார்க்கும் பக்கத்துக்கு உங்கள் சுவர் நிறத்தையே எடுங்கள். இறக்கிவிட்டால் சுவரோடு சுவராகிவிடும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் காலியாக நிற்கும் ஜன்னல்மேல் கண் போகாமல் இருக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான். பூப்போட்ட பிளைண்ட் போட்டால் 'என்னைப் பார், நான் ஓரமாக இருக்கிறேன்' என்று அது கூப்பிடும்.

ஆனால் பிளைண்ட் போட்டதும் அறை குளுகுளுவென்று ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை எந்தத் துணியும் முழுசாகத் திருப்பி அனுப்பாது. கொஞ்சம் வெளியே திரும்பும், மீதி துணியைச் சூடாக்கி அறைக்குள்தான் இறங்கும். வெயிலை நிறுத்த வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே. சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். மேற்கு வெயிலுக்கு அது பாதிதான் உதவும். சித்திரை மாதத்தில் மாலை நான்கு மணிக்கு, 2 அடி நீளமுள்ள சன்ஷேடு உங்கள் 4 அடி உயர ஜன்னலில் மேலே ஒன்றரை அடிக்குத்தான் நிழல் தரும். ஐந்து மணிக்கு அதுவும் முக்கால் அடியாகச் சுருங்கிவிடும். சூரியன் தாழ இறங்க இறங்க நேராக உள்ளே பார்க்கும். அதனால் மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்குமாவது கிரில்லுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்ட முடியுமா என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். திருச்சியின் வறண்ட வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் நன்றாகவே வேலை செய்யும். சங்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ணாடியில் ஒட்டும் வெப்பத்தடுப்பு ஃபிலிம் அடுத்த வழி. பிளைண்டை மதியம் ஒன்றரைக்கே இறக்கிவிடுங்கள். வெயில் அடித்த பிறகு இறக்கிப் பயனில்லை.

அப்புறம் ஆடிக் காற்று. திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது மேற்கிலிருந்துதான் வரும். ஜன்னல் திறந்திருக்கும்போது பிளைண்டைப் பாதியில் நிறுத்தினால் கீழ்ச்சட்டம் ராத்திரி முழுக்கத் தடதடக்கும். ஆடியில் ஒன்று முழுசாக ஏற்றுங்கள், இல்லையென்றால் முழுசாக இறக்கிக் கீழே இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். கொக்கி கேட்டால் கடைக்காரர் தருவார். கேட்காமல் தரமாட்டார்.

இனி தெற்கு ஜன்னல். தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே தலை வைத்துப் படுக்கிறீர்கள். கம்பத்தில் இருக்கும் விளக்கு உங்கள் மாடிக்குச் சற்று உயரம். அதன் வெளிச்சம் உங்கள் தலைக்கு மேலாகத் தாண்டி எதிர்ச் சுவரில் போய் விழ வேண்டும், முகத்தில் விழ வழியே இல்லை. படத்தை மறுபடி பார்த்தேன். எதிர்ச் சுவரில் என்ன இருக்கிறது? வார்ட்ரோப். அதன் நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி! தெருவிளக்கு அதில் பட்டுத்தான் உங்கள் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. இன்றிரவே ஒரு பெட்ஷீட்டை அந்தக் கண்ணாடிமேல் போட்டுவிட்டுப் படுத்துப் பாருங்கள். தொல்லை பெருமளவு குறைந்தால், இந்த ஜன்னலுக்குக் கனமான பிளாக்அவுட் துணி தேவையே இல்லை. தெற்கு ஜன்னலை இருட்டறைபோல அடைத்துவிட்டால் காற்றும் போய்விடும். வெயிலும் இங்கே பெரிய விஷயமில்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை சாய்வாக வரும் தெற்கு வெயிலைச் சன்ஷேடு ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

இங்கே பிளைண்ட் வேண்டாம் என்பதற்கு அழகைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: உங்கள் மகள். பிளைண்டை ஏற்றி இறக்கும் கயிறும் மணிச்சங்கிலியும் வளையமாகத் தொங்குபவை. சின்னக் குழந்தை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும், சத்தமும் வெளியே வராது. தரையிலிருந்து எட்டாத உயரத்தில் கட்டினால் போதும் என்பார்கள். ஆனால் கட்டில்மேல் ஏறி நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது எட்டும். எனவே தலைமாட்டு ஜன்னலில் கயிறு உள்ள எதையும் மாட்டாதீர்கள். மேற்கு ஜன்னலுக்கும் சங்கிலி இல்லாத ஸ்பிரிங் ரோலரையே கேளுங்கள். கீழ்ச்சட்டத்தைப் பிடித்து இழுத்தால் இறங்கும், லேசாகச் சுண்டினால் ஏறும். சங்கிலி வைத்ததுதான் கிடைக்கிறது என்றால், அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பையும் அன்றே பொருத்தச் சொல்லுங்கள், 'அப்புறம் வந்து போடுகிறேன்' என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஆக, தெற்கு ஜன்னலுக்கு உங்கள் கணவர் சொல்வதுபோல ஸ்கிரீன்தான். நடுவில் இல்லாத ஜன்னலை நடுவுக்குக் கொண்டுவருவது எப்படி? ஜன்னலை விட்டுவிடுங்கள், ராடைக் கட்டிலுக்கு நடுவில் அடியுங்கள். கட்டில் 6 அடி அகலம். ராடு ஐந்தரை அடி இருக்கட்டும், கட்டிலைவிடக் கொஞ்சம் உள்ளடங்கி. ஜன்னலுக்கு மேல்விளிம்பிலிருந்து 8 அங்குலம் மேலே அடியுங்கள். ஜன்னலுக்கு நேர் மேலே குறுக்கே போகும் லிண்டல் கான்கிரீட் சாதாரணமாக 6 அங்குலம்தான் இருக்கும், அதற்கு மேலே செங்கல், டிரில் சுலபமாக இறங்கும். லிண்டலும் செங்கல்லும் சேரும் இடத்தில் துளை விழுந்தால் பிளக் பிடிக்காமல் ஆடும். அதனால் ஆறு அங்குலம் என்றும் வேண்டாம், எட்டு என்றே சொல்லுங்கள். ஐந்தரை அடிக்கு நடுவில் ஒரு பிராக்கெட் அவசியம், இல்லையென்றால் ராடு தொய்யும்.

இந்த ராடில் ஜன்னலுக்கு இடப்பக்கம் 2 அடி காலிச் சுவர் மிஞ்சும், வலப்பக்கம் அரை அடிதான். வழக்கம்போல இரண்டு பக்கமும் சமமாகத் துணி போட்டால், திறந்து ஒதுக்கும்போது வலப்பக்கத் துணி ஜன்னலின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் மூன்று திரை வாங்குங்கள், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. மூடியிருக்கும்போது ஒரே துணியாகத்தான் தெரியும். திறந்தால் ஜன்னல் அநேகமாக முழுசாகத் திறக்கும். ரெடிமேட் ஸ்கிரீன் 5, 7, 9 அடி உயரங்களில், சுமார் 4 அடி அகலத்தில் வரும். மூன்று சேர்ந்தால் 12 அடி. ஐந்தரை அடி ராடுக்கு இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல், சரியான சுருக்கம். இதற்குக் குறைந்தால் மூடும்போது துணி விறைப்பாக நின்று, காயப்போட்ட பெட்ஷீட் மாதிரி ஆகிவிடும்.

உயரத்துக்கு 5 அடி ரெடிமேடே போதும். கீழே ஓரம் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். தரை வரை தொங்கும் நீளத் துணிதான் இப்போது எல்லாப் படத்திலும் வருகிறது, தெரியும். ஆனால் கட்டிலுக்குப் பின்னால் தரை வரை துணி விட்டால் அங்கே பல்லியும் கொசுவும் குடியேறும், பெருக்கும்போது துடைப்பத்தில் சிக்கும், உங்கள் மகள் பிடித்து இழுக்கவும் வசதியாக இருக்கும். குட்டைத் துணி என்றால் மலிவு என்று யாரும் நினைத்துவிட மாட்டார்கள், பலகைக்கு மேலே தெரிவதைத்தான் பார்ப்பார்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள், துணி நசுங்காமல் தொங்கும்.

துணி லைனிங் இல்லாத, கொஞ்சம் அழுத்தமான பருத்தியாக இருக்கட்டும். கரூர் உங்களுக்குப் பக்கம்தான், வீட்டுத் துணிக்குப் பேர்போன ஊர். ஒரு நாள் போய்ப் பார்த்து வாங்கலாம். மேற்கில் பிளைண்ட் சுவர் நிறத்தில் அடக்கமாக இருப்பதால், இந்த அறையில் நிறமோ டிசைனோ காட்ட வேண்டிய ஒரே இடம் இதுதான். உங்களுக்குப் பிடித்ததை இங்கே எடுங்கள்.

சின்ன அறைக்கு வருவோம். மூலையில் இரண்டு ஜன்னல் என்றதும் கடையில் வளைந்த ராடு ஒன்றைக் காட்டி, மூலை முழுக்க ஒரே ஸ்கிரீனாகப் போடலாம் என்பார்கள். இரண்டும் ஒரே உயரமாக இருந்தால் நானும் சரி என்பேன். இங்கே ஒன்று 4 அடி, இன்னொன்று ஒன்றரை அடி. குட்டி ஜன்னலுக்குக் கீழே மேசை. வளைந்த ராடில் துணி போட்டால் ஒன்று மேசைமேல் கிடக்கும், இல்லையென்றால் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பக்கத்துச் சமையலறைக்காரர்களுக்கும் உங்களுக்கும் நடுவே பகலில் ஒன்று, இரவில் ஒன்று வேண்டும். மெல்லிய வலைத்துணி பகலில் நன்றாக மறைக்கும், வெளியே வெளிச்சம், உள்ளே மங்கல் என்பதால். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் அப்படியே தலைகீழ். உங்கள் மகன் சட்டை மாற்றுவது தோல்பாவைக்கூத்துத் திரைபோல எதிர்வீட்டுக்குத் தெரியும். எனவே வலைத்துணியில் பணத்தைப் போடாதீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு ஒட்டும் பால்நிற ஃபிலிம் வாங்குங்கள். கண்ணாடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினால் குமிழி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். வீட்டிலேயே செய்துவிடலாம். பகலில் மேல்பாதி வழியாக வானமும் வெளிச்சமும் வரும், கீழ்ப்பாதியில் யாரும் தெரியமாட்டார்கள். சறுக்கு ஜன்னல் என்பதால் கதவைத் திறக்கும்போது அந்தப் பாதி மறைப்பு போய்விடும் என்பது உண்மைதான். மூலைப்பக்கக் கதவை மூடியே வைத்து, மற்றதை மட்டும் திறந்து பழக்கிக்கொள்ளுங்கள்.

இரவுக்கு ஒரு சாதாரண ஸ்கிரீன். மூலைப்பக்கம் அரை அடிகூட இல்லாததால் துணியை ஒரே பக்கமாக, மூலைக்கு எதிர்ப்பக்கம் ஒதுக்குவதுபோலப் போடுங்கள். ராடையும் அந்தப் பக்கம் ஒன்றேகால் அடி நீட்டி அடியுங்கள். மூலைப்பக்கம் ராடு நுனியில் உருண்டை வேண்டாம், சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். தட்டை மூடி கேளுங்கள்.

கிழக்குக் குட்டி ஜன்னலுக்கு எதுவும் போட வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்தடிக்கு மேலே இருக்கும் ஜன்னல் வழியாக யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. காலை வெயில் மகன் முகத்தில் விழுகிறது என்று நீங்கள் குறையாக எழுதவில்லை, படத்தில் தலையணை அங்கே இருப்பதால் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பையன் ஆறரைக்கு எழுந்திருப்பதை எந்த அம்மாவும் குறை சொல்லிக் கேட்டதில்லை. விடுமுறையில் தொந்தரவு என்று அவனே சொன்னால், திருகினால் இரு சுவருக்கும் நடுவே இறுகி நிற்கும் ஸ்பிரிங் ராடு ஒன்றை ஜன்னலுக்குள்ளேயே வைத்து, வடக்கு ஸ்கிரீனில் மிஞ்சிய துணியைத் தைத்து மாட்டிவிடுங்கள். டிரில்கூட வேண்டாம்.

எதையும் வாங்கும் முன், அந்தந்த ஜன்னலில் ஒரு பழைய வேட்டியையோ புடவையையோ கயிறு கட்டித் தொங்கவிட்டு நாலைந்து நாள் இருந்து பாருங்கள். எந்த நேரத்துக்கு எங்கே வெளிச்சம் வருகிறது, எந்தக் கதவு எதில் இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். ரெடிமேட் பிடிக்காமல் தெற்கு ஜன்னலுக்குத் துணி எடுத்துத் தைப்பதானால், 48 அங்குல அகலத் துணியில் 6 மீட்டர் எடுங்கள். மூன்று திரைக்கு அது போதும், மடிப்புக்கும் கொஞ்சம் மிஞ்சும். டெய்லரிடம் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும், அது தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும். கீழ் மடிப்பை 4 அங்குலம் விடச் சொல்லுங்கள், அதற்குள் துணிக் கடையில் கிடைக்கும் எடைச் சங்கிலியை ஓடவிட்டால் ஆடிக் காற்றுக்கும் துணி பறக்காது. சங்கிலியின் இரு நுனியையும் மடிப்புக்குள்ளேயே வைத்துத் தைத்து மூட வேண்டும், மகள் கையில் வெளியே வந்துவிடக் கூடாது.